மே மாசத்திலும் முழுக்கை!

வெயில் மண்டையைப் பிளக்கும். கிளாஸில் இருக்கிற நாலு ஃபேனில் ரெண்டு ஓடாது. அறுபது பேரும் ரெக்கார்ட் நோட்டை விசிறியாக்கி வீசிக்கொண்டிருப்போம். ஒருத்தி மட்டும் மணிக்கட்டு வரைக்கும் இறக்கிவிட்ட முழுக்கைச் சுடிதாரில் உட்கார்ந்திருப்பாள். "ஏய், உனக்கு வேகலையா?" என்று கேட்டால், "எனக்கு வெயில் ஒத்துக்காதுப்பா, கறுத்துடுவேன்" என்று ஒரு சிரிப்பு. நாமும் விட்டுவிடுவோம். கேன்டீனில் பஜ்ஜி தீர்ந்துடுமோங்கிற கவலை நமக்கு!

உடனே பக்கத்து பெஞ்சைத் திரும்பிப் பார்க்காதீங்க, ப்ளீஸ். முழுக்கை போடுகிற எல்லோருக்கும் ஒரு கதை இருப்பதில்லை. சிலருக்கு நிஜமாகவே வெயில் ஒத்துக்காது. ஆனால், நான் சொல்ல வந்தவளுக்கு இருந்தது. அவள் என் ரூம்மேட். ஒன்றரை வருஷம் ஒரே ரூம், ஒரே பக்கெட், ஒரே ஊறுகாய் பாட்டில். சால்டரிங் லேபில் எல்லோரும் கையை மடித்துவிட்டுக்கொண்டால் அவள் மட்டும் மடிக்கமாட்டாள். ஒருமுறை அயர்ன் பட்டுத் துணியே பொசுங்கிப்போச்சு. அப்பவும் மடிக்கலை. எனக்கு அது உறைக்கவே இல்லை. சர்க்யூட்டில் எங்கே ஃபால்ட் என்று கண்டுபிடிக்க நாலு வருஷம் சொல்லித் தர்றாங்க... பக்கத்துக் கட்டிலில் என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியலை!

நாலாவது செமஸ்டர். மாடல் எக்ஸாமுக்கு முந்தைய ராத்திரி ஒன்றரை மணி. தண்ணீர் பிடிக்கப் போனேன். பாத்ரூம் ஓரமாக அவள் உட்கார்ந்திருந்தாள். துப்பட்டாவைச் சுருட்டிக் கையில் சுற்றியிருந்தாள். துப்பட்டா நனைந்திருந்தது, தண்ணீரால் அல்ல.

எப்படி, எதனால் என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. சென்ஸார் இல்லை பாஸ், காரணம் இருக்கு. அந்த விவரங்களைப் படிப்பதே, ஏற்கெனவே தவித்துக்கொண்டிருக்கிற ஒருத்தருக்கு யோசனையாகிவிடும். அதற்கு அப்புறம் நான் என்னவெல்லாம் சொதப்பினேன் என்பதை மட்டும் சொல்கிறேன். அது உங்களுக்கு உதவும்.

முதலில் கத்தினேன். "பைத்தியமாடி உனக்கு? எந்த எருமைக்காக இதெல்லாம்?" லவ் மேட்டர் என்று நானே முடிவு பண்ணிக்கொண்டேன். (கிடையாது. காரணம் வீட்டில் இருந்தது. ரெண்டு அரியரும் அதன் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது.) அடுத்து, ரூமிலிருந்து காப்பித்தூள் டப்பாவை எடுத்து வந்து காயத்தில் கொட்டினேன். எங்கள் பாட்டி வைத்தியம். மூணாவது, "இனிமே பண்ணமாட்டேன்னு உங்க அம்மா மேல சத்தியம் பண்ணு" என்று உலுக்கினேன். பண்ணினாள். நாலாவதுதான் பெரிய பாவம். விடிந்ததும் "யார்கிட்டயும் சொல்லாதே" என்று ஒருத்தியிடம் சொன்னேன். மத்தியானத்துக்குள் ஃப்ளோர் முழுக்கத் தெரிந்துவிட்டது.

நாற்பது நாள் அவள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள் கை வீங்கிச் சிவந்து, ஜுரம் வந்து, ஃபைனல் இயர் அக்கா ஒருத்தர்தான் கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அதே ரூமில் இருந்த எனக்கு விஷயமே தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டாள்.

இந்தக் கட்டுரையை அவள்தான் முதலில் படித்தாள். ரெண்டு பாராவை அடித்தாள். "காப்பித்தூள் மேட்டரைக் கட்டாயம் போடு" என்றாள்.

தோலுக்குத் தெரியாது!

நாங்கள் மறுபடி பேச ஆரம்பித்த பிறகு, டிரெஸ்ஸிங் மாற்ற நான்தான் கூடப் போனேன். அங்கே இருந்த நர்ஸ் அக்கா முகத்தைச் சுளிக்கவில்லை. "ஏம்மா, காப்பித்தூள் குடிக்கிறதுக்கு. புண்ணுல போட்டா உள்ளே எவ்வளவு ஆழம்னு டாக்டருக்கு எப்படித் தெரியும்? அதைச் சுரண்டி எடுக்கத்தான் இந்தப் பொண்ணு அன்னிக்கு அப்படி அழுதுச்சு" என்றார். எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார். "எப்படி வந்த காயம்னு தோலுக்குத் தெரியாதும்மா. எல்லாக் காயத்துக்கும் ஒரே வைத்தியம்தான்." அன்றைக்குத்தான் ஒரு நோட்டை எடுத்து உட்கார்ந்தேன்.

ரத்தம் வந்தால் முதல் வேலை அழுத்துவது. சுத்தமான துணியோ காஸ் துணியோ எடுத்துக் காயத்தின் மேல் வைத்து, உள்ளங்கையால் நன்றாக அழுத்துங்கள். பத்து நிமிஷம், கடிகாரத்தைப் பார்த்து. நடுவில் 'நின்னுடுச்சா?' என்று தூக்கித் தூக்கிப் பார்க்கக் கூடாது. அப்போதுதான் உறைய ஆரம்பித்த ரத்தம் பிய்ந்துகொண்டு வரும். துணி நனைந்துவிட்டால் அதை எடுக்காமல், மேலேயே இன்னொன்றை வைத்து அழுத்துங்கள். உட்காரவோ படுக்கவோ வைத்து, கையை நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடிக்கலாம். முடிந்தால் உங்கள் கைக்குக் கிளவுஸ். கிடைக்காவிட்டால் ஒரு சுத்தமான பிளாஸ்டிக் கவர்கூடப் போதும்.

ரத்தம் பீய்ச்சி அடிக்கிறது, அழுத்தியும் நிற்கவில்லை, ஆள் வெளிறி மயங்குகிற மாதிரி இருக்கிறார் என்றால் அங்கே ஆராய்ச்சி வேண்டாம், 108! காயம் வாயைப் பிளந்துகொண்டு இருந்தாலோ, உள்ளே கொழுப்போ வேறு ஏதோ தெரிந்தாலோ, விரல் மரத்துப்போனாலோ, மடக்க முடியாவிட்டாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி. நரம்போ தசைநாரோ அறுபட்டிருக்கலாம். தையல் போடுவதாக இருந்தால் முதல் சில மணி நேரத்துக்குள் போவது நல்லது. 'காலையில பார்த்துக்கலாம்' என்று படுத்தால் கிருமிக்குத்தான் கொண்டாட்டம்.

சின்னக் காயம்தான், ரத்தமும் நின்றுவிட்டது என்றால் குழாயைத் திறந்து ஓடுகிற நல்ல தண்ணீரில் ஐந்து நிமிஷமாவது கழுவணும். சோப்பு சுற்றிலும் இருக்கிற தோலுக்குத்தான், காயத்துக்கு உள்ளே வேண்டாம். டெட்டாலைத் தண்ணீர் கலக்காமல் அப்படியே ஊற்றுவது, ஹைட்ரஜன் பெராக்ஸைடில் நுரை வரவைத்து ரசிப்பது, ரெண்டும் வேண்டாம். கிருமியோடு சேர்த்து, ஆற்றப் பாடுபடுகிற செல்களையும் அது சுட்டுவிடும். மஞ்சள்தூள், டூத்பேஸ்ட், பவுடர் எதுவும் கிட்டே வரக் கூடாது. மெல்லிசாக வாஸலின் தடவி, ஒட்டாத காஸ் துணி வைத்து மூடினால் போதும். 'காத்தாட விடு, காஞ்சுடும்' என்று வீட்டில் சொல்வார்கள். ஆனால், ஈரப்பதம் இருந்தால்தான் புதுத் தோல் சீக்கிரம் வளருகிறது. தினம் ஒருமுறை டிரெஸ்ஸிங் மாற்றணும். நம்ம ஊர் வியர்வைக்கு, நனைந்தால் உடனே மாற்றணும். மாற்றுவதற்கு முன்னாலும் பின்னாலும் கையை சோப்பு போட்டுக் கழுவணும்.

தீக்காயமா? பதற்றத்தில் ஐஸைத் தேடி ஓடாதீங்க. ஐஸ் வைத்தால் தோல் இன்னும் கெடும். ஓடுகிற சாதாரணத் தண்ணீரில் முழுசாக 20 நிமிஷம். வீங்குவதற்கு முன்னால் மோதிரம், வளையல், வாட்ச்சைக் கழற்றிவிடுங்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள். உள்ளங்கை அளவைவிடப் பெரியது, முகத்திலோ மூட்டிலோ இருக்கிறது, தோல் வெள்ளையாகவோ கருகியோ இருந்தும் வலியே தெரியவில்லை என்றால் ஆஸ்பத்திரி.

ஏதாவது விழுங்கிவிட்டேன் என்று ஒருத்தர் சொன்னால், அதற்கு முதலுதவியே ஆஸ்பத்திரிதான். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைக்காதீங்க. அது மூச்சுக்குழாயில் போய்விடலாம். அட்டையையோ பாட்டிலையோ கையோடு எடுத்துக்கொண்டு கிளம்புங்க. "நல்லாத்தானே இருக்கேன், தூங்கினா சரியாயிடும்" என்று சொன்னால் நம்பவே நம்பாதீங்க. சில மாத்திரைகள் முதல் நாள் முழுக்க எந்த அறிகுறியும் காட்டாமல் கல்லீரலைத் தின்றுகொண்டிருக்கும். மாற்று மருந்து நேரத்தோடு கொடுத்தால்தான் வேலை செய்யும்.

அப்புறம் டி.டி. ஊசி. நமக்கெல்லாம் 10 வயசிலும் 16 வயசிலும் போட்டிருக்கணும். போட்டதா இல்லையா, எப்போது போட்டது என்று ஞாபகம் இல்லையென்றால் டாக்டரிடம் அதையே சொல்லுங்கள். அழுக்கான காயம் என்றால் ஐந்து வருஷம் ஆகியிருந்தாலே மறுபடி போடுவார்கள்.

எல்லாம் செய்த பிறகும் காயத்தின் மேல் ஒரு கண் இருக்கட்டும். ரெண்டு மூணு நாளில் வலி குறையணும், கூடக் கூடாது. சிவப்பு சுற்றிலும் பரவுகிறது, தொட்டால் சுடுகிறது, சீழ், நாற்றம், ஜுரம், காயத்திலிருந்து மேலே ஏறுகிற சிவப்புக் கோடு... இதில் எது வந்தாலும் டாக்டர்தான். என் ரூம்மேட்டுக்கு நாலாம் நாள் வந்ததும் இதுதான். ஆறும்போது அரிக்கும், அது நார்மல். தழும்பு ஒரு வருஷம் வரைக்கும் நிறம் மாறிக்கொண்டே இருக்கும். வெயில் பட்டால் கறுக்கும் என்பதால் சன் ஸ்கிரீன் உதவும். அவள் சொன்ன 'கறுத்துடுவேன்' ஒரு விதத்தில் உண்மைதான்!

போலீஸ் வருமா?

ஆஸ்பத்திரி என்றதும் அவள் முதலில் கேட்டது இதைத்தானாம். "போலீஸ் வருமா? வீட்டுக்குத் தெரியுமா? காலேஜை விட்டுத் தூக்கிடுவாங்களா?" இந்த மூணு கேள்விக்குப் பயந்து, தையல் போடவேண்டிய காயத்தை பேண்ட் எய்டு ஒட்டி மறைக்கிறவர்கள் எத்தனை பேரோ!

சட்டம் மாறி ரொம்ப நாளாச்சு. தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்கிற எல்லோரும் சாகத்தான் முயல்கிறார்கள் என்று அர்த்தம் இல்லை, அதை அப்புறம் சொல்கிறேன். உயிரை விட முயன்றவர்களையே இப்போது தண்டிக்கச் சொல்வதில்லை. 2018-ல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, அப்படி முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தார் என்றே எடுத்துக்கொள்ளணும், அவருக்கு அரசு சிகிச்சையும் மறுவாழ்வும் தரணும் என்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309-வது பிரிவு, 2024 ஜூலை 1-ல் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் கிடையாது. அரசு ஊழியரை அவர் வேலையைச் செய்யவிடாமல் தடுப்பதற்காக அப்படி மிரட்டி முயல்பவர்களுக்கு மட்டும் ஒரு பிரிவு இருக்கிறது. நம்ம கதைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

ஆஸ்பத்திரியில் ரெஜிஸ்டரில் எழுதலாம், ரெண்டு கேள்வி கேட்கலாம். அதற்காக யாரும் சிகிச்சையை மறுக்க முடியாது. மனநலச் சிகிச்சை பற்றிய விவரங்களை ரகசியமாக வைத்திருக்கணும் என்பதும் அதே 2017 சட்டத்தில் இருக்கிறது. யாருடைய உயிருக்காவது ஆபத்து என்பது போன்ற சில சூழ்நிலைகளில் மட்டும் சொல்லலாம். பதினெட்டு ஆகாத ஃபர்ஸ்ட் இயர்ஸ் என்றால் பொதுவாக வீட்டில் சொல்லவேண்டியிருக்கும், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இன்னொன்று. 2025 ஜூலையில் சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்பில் மாணவர்களின் மனநலத்துக்காக வழிமுறைகள் கொடுத்தது. நூறு பேரோ அதற்கு மேலோ படிக்கிற கல்வி நிறுவனம் என்றால் தகுதியுள்ள கவுன்சலர் ஒருவராவது இருக்கணும். ஹெல்ப்லைன் நம்பர்களை ஹாஸ்டலிலும் வகுப்பறையிலும் பெரிய எழுத்தில் ஒட்டணும். உங்கள் ஹாஸ்டல் நோட்டீஸ் போர்டில் இருக்கிறதா என்று இன்று சாயங்காலம் பாருங்கள். மெஸ் பில் பாக்கி லிஸ்ட் மட்டும் தொங்கினால், வார்டனிடம் போய்க் கேளுங்கள்.

என்னதான் பேசுறது?

காயத்துக்குக் கட்டுப் போட்டாச்சு. இப்போது எதிரில் உட்கார்ந்திருக்கிற ஆளிடம் என்ன பேசுவது? இங்கேதான் நான் ஃபெயில். நீங்கள் பாஸாக வழி சொல்கிறேன்.

இதைப் பண்ணுகிறவர்களில் நிறையப் பேருக்குச் சாகணும் என்ற எண்ணம் இருப்பதில்லை. தாங்க முடியாத ஒன்றை அந்த நிமிஷம் தாங்குவதற்குத்தான் பண்ணுகிறார்கள். உள்ளே மரத்துப்போன மாதிரி இருக்கும், அல்லது பிரஷர் குக்கர் மாதிரி இருக்கும். கொஞ்ச நேரம் அடங்குகிறது, அப்புறம் வெட்கமும் குற்றவுணர்வும் வந்து சேர்ந்துகொள்கிறது, அதைத் தாங்க மறுபடியும்... இப்படி ஒரு வட்டம். 'சும்மா சீன் போடுறா' என்பவர்களைக் கேட்கிறேன். சீன் போடுகிறவள் மே மாசத்தில் முழுக்கை போட்டு ஏன் மறைக்கணும்? அப்படியே யாரோ கவனிக்கணும் என்றுதான் பண்ணினாலும், கவனிக்க வேண்டிய நிலைமையில் இருக்கிறார் என்றுதானே அர்த்தம்?

அதே சமயம், 'சாகப் பண்ணலையே, பரவாயில்லை' என்று அலட்சியமாகவும் விட முடியாது. இப்படிப் பண்ணுகிறவர்களுக்குப் பின்னாளில் தற்கொலை ஆபத்து மற்றவர்களைவிட அதிகம் என்பது பல ஆராய்ச்சிகளில் தெரிந்த விஷயம். அதனால் நேராகவே கேட்டுவிடணும். "செத்துடலாம்னு தோணுதா?" இப்படிக் கேட்பதால் இல்லாத எண்ணம் புதுசாக வந்துவிடாது. கேட்டதும் பெருமூச்சு விட்டு அழுகிறவர்கள்தான் அதிகம். 'ஆமா' என்று பதில் வந்தால், எப்படி, எப்போது என்று மனசில் ஏதாவது திட்டம் இருக்கிறதா என்று கேட்டு, அவரைத் தனியாக விடாமல், பெரியவர் ஒருவரைக் கூட்டிவாருங்கள். "யாருக்கும் சொல்லாதே" என்று அவர் கெஞ்சினாலும் இந்த ஒரு விஷயத்தில் ரகசியம் கிடையாது. "உன்னை இழக்க எனக்கு இஷ்டமில்லை. நான் ஒருத்தர்கிட்ட சொல்லத்தான் போறேன். யார்கிட்ட சொல்லலாம்னு நீயே சொல்லு." அவருக்குத் தெரிந்து, அவர் தேர்ந்தெடுத்த ஒருவரிடம் சொல்வது வேறு. நான் பண்ணின மாதிரி ஃப்ளோருக்கே ஒலிபரப்பு பண்ணுவது வேறு.

'சத்தியம் பண்ணு' மட்டும் வேண்டவே வேண்டாம். என் ரூம்மேட்டிடமே கேட்டேன். "சத்தியம் பண்ணினதுக்கு அப்புறம் ரெண்டு தடவை ஆச்சு. சத்தியத்தை உடைச்சிட்டேன்னு உன்கிட்ட மறைக்கவேண்டியதாப்போச்சு. அம்மாவுக்கு ஏதாவது ஆயிடுமோன்னு ராத்திரியெல்லாம் பயம் வேற" என்றாள். நான் போட்ட பூட்டு, அவள் உதவி கேட்கிற கதவுக்குத்தான் விழுந்திருக்கிறது.

அப்படியானால் என்னதான் பண்ணுவது? உட்காருங்கள். குரலை இறக்குங்கள். "வலிக்குதா? மருந்து போடலாமா?" என்று கேட்டுவிட்டுத் தொடுங்கள். தழும்பைக் காட்டச் சொல்லி வற்புறுத்தாதீங்க. 'ஏன் பண்ணினே?' என்பதைவிட 'இன்னிக்கு என்ன ஆச்சு?' என்பதற்குப் பதில் சொல்வது சுலபம். 'என் கஷ்டத்தைவிடவா?' என்று உங்கள் கதையை ஆரம்பிக்காதீங்க. பதில் வராவிட்டால் சும்மா இருங்கள். நமக்குத்தான் மௌனம் வந்தாலே கை நடுங்குமே... உடனே எதையாவது சொல்லி நிரப்பிவிடுவோம். வேண்டாம்.

சும்மா உட்கார்ந்திருப்பதற்கு என்ன பவர் என்று கேட்கிறீர்களா? லண்டனில் சாட் வாரா என்று ஒரு பாதிரியார். 1953-ல், சாக நினைக்கிறவர்கள் தனக்குப் போன் பண்ணலாம், நேரில் வரலாம் என்று அறிவித்தார். கூட்டம் வந்தது. காத்திருந்தவர்களுக்கு டீ கொடுத்துப் பேச்சுத்துணையாக இருக்கச் சில தன்னார்வலர்கள் வந்தார்கள். கொஞ்ச நாளில் அவர் ஒன்றைக் கவனித்தார். டீ குடித்துப் பேசியவர்களில் பல பேர், அவரைப் பார்க்காமலேயே மனம் லேசாகிக் கிளம்பிப் போய்க்கொண்டிருந்தார்கள்! அடுத்த வருஷமே கேட்கிற வேலையைத் தன்னார்வலர்களிடம் ஒப்படைத்துவிட்டார். அதுதான் சமாரிட்டன்ஸ். நம்ம சென்னையில் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986-ல் ஆரம்பித்த 'சிநேகா'வும் தன்னார்வலர்கள் காது கொடுத்துக் கேட்கிற அமைப்புதான்.

அந்தக் கை உங்களுடையது என்றால்...

இதைப் படிக்கிற உங்கள் கையே முழுக்கைக்குள் இருக்கலாம். உங்களிடம் நான் அட்வைஸ் பண்ணப்போவதில்லை. என் ரூம்மேட் கவுன்சலரிடம் கற்றுக்கொண்டு வந்ததில் சிலதைச் சொல்கிறேன்.

அந்த உந்துதல் அலை மாதிரி. ஏறும், உச்சிக்குப் போகும், இறங்கும். ஏறும்போது 'இது நிற்கவே நிற்காது' என்று தோணும், அது பொய். 'இனி எப்போதும் பண்ணமாட்டேன்' என்பது பெரிய மலை. 'இன்னும் பதினைந்து நிமிஷம் பண்ணமாட்டேன்' என்பது ஏறக்கூடிய படி. அந்தப் பதினைந்து நிமிஷத்துக்கு ரூமை விட்டு வெளியே வந்து, நாலு பேர் இருக்கிற இடத்தில், டி.வி. ஹாலிலோ மெஸ்ஸிலோ போய் உட்காருங்கள். குளிர்ந்த தண்ணீரில் முகத்தை நனைத்து மூச்சைப் பிடித்துப் பாருங்கள். இதில் நிஜமான விஞ்ஞானம் இருக்கு. முகத்தில் குளிர் பட்டு மூச்சும் நின்றால், தண்ணீருக்குள் முங்கிவிட்டதாக உடம்பு நினைத்து இதயத் துடிப்பைக் குறைக்கும். (இதயப் பிரச்னை இருப்பவர்கள், சரியாகச் சாப்பிடாமல் உடம்பு நொந்திருப்பவர்கள் இதைச் செய்யவேண்டாம்.) எதனால் காயப்படுத்திக்கொள்கிறீர்களோ அந்தப் பொருள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கவேண்டாம். நீங்களே எடுத்து ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை, பெட்டியை உடைத்துப் பறிக்காதீங்க, கேட்டு வாங்குங்கள்.

ஒரு பேப்பரும் எழுதி வைத்திருக்கிறாள். அமெரிக்காவில் ஸ்டான்லி, பிரௌன் என்ற ரெண்டு உளவியலாளர்கள் உருவாக்கிய பாதுகாப்புத் திட்டம் அது. எந்த அறிகுறி வந்தால் உஷாராகணும், தனியாக என்ன செய்யலாம், யாரோடு எங்கே போய் இருக்கலாம், யாரிடம் உதவி கேட்கலாம், எந்த நம்பர், எந்த டாக்டர், ரூமில் எதை அப்புறப்படுத்தணும். நல்ல மூடில் இருக்கும்போது எழுதணும். மூளை ஹேங்க் ஆகும்போது பார்த்துச் செய்யணும். எங்கள் பேப்பரில் மூணாவது வரியில் என் பெயர் இருக்கிறது. செமஸ்டரில் ஃபர்ஸ்ட் கிளாஸ் வாங்கினபோதுகூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் இல்லை.

மார்ஷா லினஹன் என்று ஒரு அமெரிக்க உளவியலாளர். சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்தவர். இந்தப் பிரச்னைக்கு நன்றாக வேலை செய்கிற டி.பி.டி. என்ற சிகிச்சையை உருவாக்கியவர். 2011-ல், அறுபது வயசைத் தாண்டிய பிறகு, வெளிப்படையாக ஒன்றைச் சொன்னார். தானும் டீன் ஏஜில் தன்னைக் காயப்படுத்திக்கொண்டவள்தான் என்று! பதினேழு வயசில், 1961-ல், மனநல ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆகி ரெண்டு வருஷத்துக்கு மேல் இருந்தவர். எந்த ஆஸ்பத்திரியில் இருந்தாரோ அங்கேயே போய் நின்று அதைச் சொன்னார். என் ரூம்மேட் அவர் போட்டோவைப் பிரின்ட் எடுத்து அலமாரிக் கதவில் உள்பக்கம் ஒட்டியிருக்கிறாள். மற்ற ரூமில் எல்லாம் ஹீரோக்கள்!

நம்பர்களை இப்பவே மொபைலில் ஏற்றிக்கொள்ளுங்கள். 14416, இது 'டெலி மானஸ்', 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியது. 24 மணி நேரம், இலவசம், தமிழிலேயே பேசலாம். தமிழ்நாடு அரசின் 104-லும் பேசலாம். சிநேகா 044-24640050. மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரியிலும் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலும் மனநலப் பிரிவு ஓ.பி. இருக்கிறது. சீட்டு வாங்கப் பணம் கிடையாது.

கூட நிற்கிறவர்களுக்கு ஒரு விஷயம், இதையும் நான் அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டேன். சமாதானம் ஆன புதிதில் ராத்திரி மூணு மணிக்குக்கூட அவள் கட்டிலைப் பார்த்துக்கொண்டே கிடப்பேன். பாத்ரூம் போனால் பின்னாடியே போவேன். ரெண்டு வாரத்தில் எனக்கே தலைசுற்றல், இன்டர்னலில் மார்க் காலி. அவளும் "நீ போலீஸ்காரி மாதிரி இருக்கடி" என்று எரிந்து விழுந்தாள். அப்புறம்தான் அந்த ஃபைனல் இயர் அக்கா, நான், கவுன்சலர் என்று மூணு பேரும் பிரித்துக்கொண்டோம். அக்கா செவ்வாய், வெள்ளி. நான் மற்ற நாட்கள். ஞாயிற்றுக்கிழமை அவள் சித்தி வீடு. சித்தியிடம் சொல்லலாம் என்று அவளேதான் முடிவு பண்ணினாள். நானும் ஒருமுறை 14416-க்குப் போன் பண்ணி என் பயத்தையெல்லாம் கொட்டினேன். நண்பனுக்காகக் கவலைப்படுகிறவர்களும் பேசலாம், யாரும் 'உனக்கென்ன பிரச்னை?' என்று திருப்பி அனுப்பவில்லை.

முழுசாக நின்றுவிட்டதா என்று கேட்காதீங்க. நடுவில் ஒருமுறை நடந்தது, டிசம்பரில். இந்தத் தடவை அவளே வந்து கதவைத் தட்டினாள். "ஏய், கத்தமாட்டே இல்ல?" என்றாள். கத்தவில்லை. பத்து நிமிஷம் அழுத்திப் பிடித்தேன், கடிகாரத்தைப் பார்த்து. காப்பித்தூளில் காப்பி மட்டும் போட்டோம்.

போன வாரம் மெஸ்ஸில் சாம்பார் சாதம். பயங்கர வெயில். அவள் கையை முழங்கை வரைக்கும் மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். எதிரில் இருந்த ஜூனியர் பொண்ணு பார்த்துவிட்டாள். பார்க்காத மாதிரி தட்டைப் பார்த்தாள். அப்புறம் தாங்கமுடியாமல், "அக்கா... அது என்னக்கா?" என்றாள். எனக்குச் சோறு தொண்டையில் நின்றது.

"பழைய காயம்ப்பா. அந்த அப்பளத்தை இந்தப் பக்கம் தள்ளு."